கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால்: முதல்முறை கை வைப்பவர்களுக்கு

தண்ணீர் போகவில்லை என்றதும் பலருடைய கையும் முதலில் தேடுவது, உள்ளே ஊற்றுவதற்கு ஏதாவது ஒரு பாட்டிலைத்தான். வெந்நீர், சமையல் சோடா, ஆசிட், அடைப்பு நீக்கும் தூள் என்று கிடைத்ததெல்லாம் உள்ளே போகும். ஒன்றும் நடக்காவிட்டால் பிளம்பரை அழைப்போம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலை விட்டுப்போகிறது. அடைப்பு எங்கே இருக்கிறது, எதனால் ஆனது என்று பார்ப்பதுதான் அது. அதைப் பார்க்கத் தெரிந்துவிட்டால், வீட்டுக்குள் வரும் சாதாரண அடைப்புகளை ஒரு வாளி, ஒரு ஜோடி கையுறை, ஒரு பிளஞ்சர் (கைப்பிடி வைத்த ரப்பர் கிண்ணம்), ஒரு சுருள் கம்பி இவற்றை வைத்தே எடுத்துவிடலாம். இதுவரை குழாய் வேலை எதிலும் கை வைக்காதவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

குழாய்க்குள் நடப்பது

வீட்டுக்குள் வரும் தண்ணீர் அழுத்தத்தோடு வருகிறது, குழாயைத் திறந்தால் பீய்ச்சும். வெளியே போகும் தண்ணீரைத் தள்ளிவிட யாரும் இல்லை. சரிவை நம்பித்தான் அது இறங்குகிறது. சிறிய குழாய்களுக்கு ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் இறக்கம் வைப்பது வழக்கம். அதைவிட மிகவும் குறைந்தால் தண்ணீர் தேங்கித் தேங்கிப் போகும், கசடு அடியில் படியும். எவ்வளவு சுத்தம் செய்தாலும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடைக்கிறது என்றால், குழாயின் சரிவிலேயே கோளாறு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

சிங்க்குக்குக் கீழே குனிந்து பாருங்கள். குழாய் நேராக இறங்காமல் ஒரு வளைவு போட்டுவிட்டுத்தான் சுவருக்குள்ளோ தரைக்குள்ளோ நுழையும். சில வீடுகளில் வளைவுக்குப் பதிலாகக் குடுவை போல ஒன்று தொங்கும். இதற்கு ட்ராப் என்று பெயர். குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்கும் துளைத்தட்டான ஜாலிக்குக் கீழேயும் ஒரு ட்ராப் உண்டு. கழிப்பறைக் கோப்பைக்கு அதன் உடம்பிலேயே வளைவு இருக்கிறது. இந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், பொதுவாக 50 மில்லிமீட்டர் ஆழமோ அதற்குச் சற்று மேலோ. சாக்கடைக் காற்றும் பூச்சிகளும் வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளர், எஸ் எழுத்து போல வளைந்த குழாயைக் கழிப்பறைக்குப் பொருத்திக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் எல்லா ட்ராப்பும் அதே யோசனைதான். ஆனால் தண்ணீர் தங்கும் இடத்தில் மற்றவையும் தங்கும். கழன்று விழுந்த மோதிரமானாலும் உதிர்ந்த முடியானாலும் முதலில் போய் உட்காருவது இங்கேதான். அடைப்பு என்றதும் முதல் சந்தேகம் ட்ராப்பின் மேல் விழ வேண்டும்.

இன்னொன்று, நம் கண்ணுக்கே படாத காற்றுக் குழாய். வாய் குறுகிய பாட்டிலில் தண்ணீரை நிரப்பித் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். குளுக் குளுக் என்று விட்டு விட்டுத்தான் கொட்டும். தண்ணீர் இறங்க வேண்டுமானால் அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். அதற்காகத்தான் கழிவுநீர்க் குழாய்களோடு சேர்த்து ஒரு குழாயைக் கூரைக்கு மேல் வரை கொண்டுபோய்த் திறந்து வைக்கிறார்கள். அதன் வாயில் பறவை கூடு கட்டினாலோ சருகு அடைத்தாலோ, கீழே குழாய் சுத்தமாக இருந்தும் தண்ணீர் மெதுவாகப் போகும், குளுக் சத்தம் கேட்கும், ட்ராப்பில் நிற்கும் தண்ணீர் உறிஞ்சப்பட்டு நாற்றமும் வரும். எதைச் செய்தும் பலனில்லை என்னும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுகளையும் சொல்லிவிடுகிறேன், கருவி வாங்கும்போது உதவும். வாஷ்பேசின் குழாய் பெரும்பாலும் 32 மில்லிமீட்டர், சமையலறை சிங்க் 40 முதல் 50, கழிப்பறைக் குழாய் 100 முதல் 110 வரை.

எது அடைக்கிறது

சமையலறையில் எண்ணெயும் கொழுப்பும். சூடாக இருக்கும்போது தண்ணீர் போல ஓடும் கொழுப்பு, குழாயின் குளிர்ந்த சுவரைத் தொட்டதும் உறைந்து ஒட்டிக்கொள்கிறது. மறுநாள் அதன்மேல் இன்னொரு படலம். மாவும் காபித் தூளும் உணவுத் துணுக்கும் அந்தப் பிசுக்கில் ஒட்டிக்கொள்ளும். 40 மில்லிமீட்டர் குழாயில் சுற்றிலும் 5 மில்லிமீட்டர் கனத்துக்குப் படிந்தால் மிஞ்சும் வழி 30 மில்லிமீட்டர்தான். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் பரப்பளவில் கணக்கிட்டால் ஏறக்குறைய 44 சதவீதம் போய்விட்டது. மேலே நிற்கும் நமக்கு "என்னமோ கொஞ்சம் மெதுவாகப் போகுது" என்று மட்டும்தான் தெரியும். முழுதாக அடைத்துக்கொள்ளும் வரை காத்திருக்காமல் அந்த நிலையிலேயே கை வைத்தால் அரை மணி நேரத்தில் வேலை முடியும்.

பாத்திரம் கழுவும் சோப்புதான் எண்ணெயைக் கரைத்துவிடுகிறதே என்று கேட்கலாம். சோப்பு எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்துத் தண்ணீரோடு கொஞ்ச தூரம் கூட்டிப்போகும், அவ்வளவுதான். நீர்த்து ஆறியபின் அது மறுபடி பிரிந்து ஒட்டும். கொழுப்பு அதோடு நிற்பதும் இல்லை. கழிவுநீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து சோப்புக்கட்டி போன்ற கெட்டியான பொருளாக மாறுகிறது. 2017-இல் லண்டன் வைட்சேப்பல் பகுதியின் பாதாளச் சாக்கடையில் இப்படி இறுகிப்போன கொழுப்பும் ஈரத் துடைப்பான்களும் சேர்ந்த ஒரு கட்டியைக் கண்டுபிடித்தார்கள். நீளம் 250 மீட்டர், எடை 130 டன் என்று மதிப்பிட்டார்கள். அதை உடைத்து எடுக்க வாரக்கணக்கில் ஆனது. வீட்டுக் குழாயில் நடப்பதும் இதுதான், அளவு மட்டும் சிறியது.

குளியலறையிலும் வாஷ்பேசினிலும் முடியும் சோப்பும். முடி எளிதில் மக்காது. வலை போலப் பின்னிக்கொண்டு, மேலே வரும் சோப்புக் கசடையெல்லாம் பிடித்து வைக்கும். உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் அந்தக் கசடு இன்னும் அதிகம், ஏனென்றால் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவாகிவிடும். கழிப்பறையில் அடைப்பது பெரும்பாலும் அங்கே போடவே கூடாத பொருள்கள்: ஈரத் துடைப்பான், நாப்கின், டயப்பர், பஞ்சு. கழிப்பறைக் காகிதம் தண்ணீர் பட்டதும் நார் நாராகப் பிரிந்துவிடும். துடைப்பான் பிரியாது. நாப்கினிலும் டயப்பரிலும் தண்ணீரை உறிஞ்சி வீங்குவதற்கென்றே ஒரு பொருள் வைத்திருக்கிறார்கள், குழாய்க்குள் போனாலும் அது தன் வேலையைச் செய்யும். துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து நூல் பஞ்சு வரும். வீட்டுக்கு வெளியே புதைத்த குழாய்களில் மரவேர் இணைப்பு வழியாக நுழைந்து உள்ளேயே அடர்ந்துவிடும்.

எங்கே அடைத்திருக்கிறது

கருவியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் வீட்டைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு குழாயிலும் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அது போகிறதா என்று பாருங்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிற்கிறது, மற்றதெல்லாம் மளமளவென்று போகிறது என்றால் அடைப்பு பக்கத்திலேயே இருக்கிறது. ட்ராப்பிலோ, அதற்கு அடுத்த ஓரிரு மீட்டருக்குள்ளோ இருக்கும். இது நீங்களே எடுக்கக்கூடிய அடைப்பு.

வாஷ்பேசினும் அதே குளியலறையின் தரையும் சேர்ந்து மெதுவாகப் போகின்றன, சமையலறையில் பிரச்சினை இல்லை என்றால், அந்த இரண்டும் சேரும் கிளைக் குழாயில் அடைப்பு. ட்ராப்பைக் கழற்றிப் பயனில்லை. கம்பியைக் கொஞ்ச தூரம் உள்ளே விட வேண்டும்.

மூன்றாவது வகைதான் கவனிக்க வேண்டியது. மேல்மாடிக் கழிப்பறையில் ஃப்ளஷ் செய்தால் கீழே குளியலறை ஜாலியில் குமிழ் கிளம்புகிறது. துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீரை வெளியேற்றும்போது தரை ட்ராப் வழியாக அழுக்குத் தண்ணீர் மேலே வருகிறது. ஓரிடத்தில் ஊற்றியது இன்னோரிடத்தில் எட்டிப் பார்க்கிறது என்றால் எல்லாக் குழாய்களும் சேரும் பிரதானக் குழாயில் அடைப்பு. தண்ணீருக்குப் போக்கு இல்லாததால், வீட்டில் எது எல்லாவற்றிலும் தாழ்வான வாயோ அதன் வழியாக வெளியே வருகிறது. இப்போது செய்ய வேண்டிய முதல் வேலை, வீட்டில் யாரும் எந்தக் குழாயையும் திறக்காமல் பார்த்துக்கொள்வது. ஒவ்வொரு வாளித் தண்ணீரும் அதே தாழ்வான வாய் வழியாக வீட்டுக்குள்தான் திரும்பி வரும்.

தண்ணீர் நன்றாகப் போகிறது, நாற்றம் மட்டும் வருகிறது என்றால் அது அடைப்பாக இருக்க வேண்டியதில்லை. பல நாள் பயன்படுத்தாத குளியலறையில் ட்ராப் தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு ஒரு மணி நேரம் பொறுத்துப் பாருங்கள்.

கை வைப்பதற்கு முன்

ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, பழைய துணி, ஒரு வாளி, ஒரு டார்ச். காயம் பட்ட கையோடு கழிவுநீரைத் தொட வேண்டாம். இன்னொரு கேள்வியை வீட்டிலுள்ள எல்லோரிடமும் கேட்டுவிடுங்கள்: இந்தக் குழாயில் யாராவது ஏற்கெனவே ஆசிட்டோ அடைப்பு நீக்கும் மருந்தோ ஊற்றினீர்களா? ஊற்றியிருந்தால் பிளஞ்சர் போட்டு அடிக்கக் கூடாது, ட்ராப்பைக் கழற்றவும் கூடாது. உள்ளே நிற்பது தண்ணீராக இருக்காது, முகத்தில் தெறித்தால் கண் போய்விடும். பிளம்பரை அழைத்தாலும் அவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தெரியாமல் கை வைப்பவர் அவர்தானே.

பிளஞ்சரை முறையாக அழுத்துவது

பிளஞ்சர் வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களில் பலர் காற்றை அழுத்திக்கொண்டிருப்பார்கள். தண்ணீரைத்தான் அழுத்த வேண்டும். காற்று சுருங்கிக்கொள்ளும், தண்ணீர் சுருங்காது. அதனால் நீங்கள் கொடுக்கும் தள்ளு அப்படியே அடைப்பு வரைக்கும் போகும்.

சிங்க்குக்கும் வாஷ்பேசினுக்கும் அடி தட்டையான கிண்ணம் போன்ற பிளஞ்சர் போதும். கழிப்பறைக்கு, கிண்ணத்துக்குள்ளிருந்து கழுத்து போல ஒரு ரப்பர் நீண்டிருக்கும் வகை வேண்டும். இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள், சமையலறையில் கழிப்பறைப் பிளஞ்சர் வரவே கூடாது.

முதலில் வடிகட்டியை எடுத்துவிடுங்கள். ரப்பர் கிண்ணம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்கட்டும், குறைவாக இருந்தால் ஊற்றுங்கள். அப்புறம், காற்று தப்பிக்கும் எல்லா வழிகளையும் அடையுங்கள். வாஷ்பேசின் விளிம்புக்குக் கீழே ஒரு சிறு துளை இருக்கும், நிரம்பினால் வழிவதற்காக வைத்தது. ஈரத் துணியைச் சுருட்டி அதற்குள் இறுக்கமாகத் திணியுங்கள். இரட்டைத் தொட்டி சிங்க் என்றால் அடுத்த தொட்டியின் வாயையும் ஈரத் துணியால் அழுத்திப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். இந்த ஒரு காரியத்தை விட்டுவிடுவதால்தான் பாதிப் பேருக்குப் பிளஞ்சர் பலிப்பதில்லை. பாத்திரம் கழுவும் இயந்திரம் அதே குழாயில் சேர்ந்திருந்தால் அதன் ஹோஸைக் கிளிப் போட்டு மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் அழுக்கு அதற்குள் ஏறும்.

கிண்ணத்தைச் சாய்வாக இறக்கி உள்ளே இருக்கும் காற்றை வெளியே விட்டுவிட்டு நிமிர்த்துங்கள். முதல் அழுத்தம் மெதுவாக இருக்கட்டும். பிறகு கிண்ணம் விளிம்பை விட்டு எழாமல், சீராக மேலும் கீழுமாகப் பதினைந்து இருபது முறை. அழுத்துவதைப் போலவே இழுப்பதும் முக்கியம். அடைப்பு முன்னும் பின்னும் ஆட்டப்பட்டுத்தான் தளர்கிறது. கடைசியில் வெடுக்கென்று எடுங்கள். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கினால் வேலை முடிந்தது, பின்னாலேயே நிறையத் தண்ணீர் விடுங்கள். நாலைந்து சுற்று ஆகியும் அசையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். மூர்க்கமாக அடித்தால் பழைய இணைப்புகள் விட்டுப்போகும்.

ட்ராப்பைக் கழற்றுவது

பார்க்கப் பயமாக இருந்தாலும் இதுதான் எனக்கு மிகவும் பிடித்த முறை. அடைப்பு கையிலேயே வந்துவிடும், போயிற்றா இல்லையா என்ற சந்தேகம் மிஞ்சாது.

சிங்க்குக் கீழே உள்ளதையெல்லாம் எடுத்து வெளியே வையுங்கள். சிங்க்கில் நிற்கும் தண்ணீரை முடிந்த மட்டும் கிண்ணத்தால் மொண்டு எடுத்துவிடுங்கள். ட்ராப்புக்கு நேர் கீழே வாளி. கழற்றுவதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், எந்தத் துண்டு எங்கே இருந்தது என்று பிறகு யோசிக்க வேண்டாம். பிளாஸ்டிக் ட்ராப்பில் இரண்டு பெரிய நட்டுகள் இருக்கும். அவற்றைக் கையாலேயே திருகலாம். இறுகியிருந்தால் துணியைச் சுற்றி ஸ்பானரால் லேசாகத் தளர்த்துங்கள். குடுவை வடிவ ட்ராப் என்றால் இன்னும் எளிது, அடிமூடியை மட்டும் திருகினால் போதும்.

நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருக்கும். சிலவற்றில் அதன் ஒரு பக்கம் சரிவாக இருக்கும். அது எந்தத் திசையைப் பார்த்து இருந்தது என்பதைக் கவனியுங்கள், திருப்பிப் போட்டால் ஒழுகும். உள்ளே இருக்கும் கசடைப் பழைய பல் துலக்கியாலோ புட்டி கழுவும் பிரஷ்ஷாலோ தேய்த்து எடுங்கள். சுவரிலிருந்து வரும் குழாயின் வாயையும் டார்ச் அடித்துப் பாருங்கள், அங்கேயும் கொஞ்சம் தேங்கியிருக்கும்.

இப்போது ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நான் செய்த தவறு இது. வாளியில் பிடித்த அழுக்குத் தண்ணீரையும், ட்ராப்பைக் கழுவும் தண்ணீரையும் அதே சிங்க்கில் ஊற்றாதீர்கள். கீழே குழாய் இல்லை என்பதைக் கை மறந்துவிடும். அன்றைக்கு முழு வாளியும் அலமாரிக்குள் கொட்டி, பலகை ஊறிப்போய் ஒரு நாள் முழுக்கக் காயவைக்க வேண்டியிருந்தது. வேறு குழாயில் கழுவுங்கள், அல்லது சிங்க்கின் வாயை முதலிலேயே துணியால் அடைத்துவிடுங்கள்.

திரும்பப் பொருத்தும்போது நட்டைக் கையால் இறுக்கி, பிறகு கால் திருகு மட்டும் கூடுதலாக. இந்த இணைப்புகளில் தண்ணீரைத் தடுப்பது வாஷர்தான், அதனால் மரையில் டேப் சுற்றத் தேவையில்லை. சிங்க்கை அடைத்துப் பாதி நிரப்பி, ஒரேயடியாகத் திறந்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த காகிதத்தால் தொட்டுப் பாருங்கள். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் காகிதம் காட்டிக்கொடுத்துவிடும்.

ட்ராப் சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் தண்ணீர் போகவில்லை என்றால்

அடைப்பு சுவருக்கு அந்தப் பக்கம். இங்கேதான் சுருள் கம்பி வேலைக்கு வருகிறது. சிறிய குழாய்களுக்கு 6 மில்லிமீட்டர் கனமுள்ள, 5 மீட்டருக்குக் குறையாத கம்பி, ஒரு கைப்பிடியோடு கிடைக்கும். ட்ராப்பைக் கழற்றிவிட்டுச் சுவர்க் குழாய்க்குள் நேரடியாக விடுவது நல்லது, ட்ராப் வழியாகத் தள்ளினால் அந்த வளைவிலேயே மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றிக்கொண்டே தள்ளுங்கள். தடுக்கும்போது கையில் என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். கடினமாக முட்டி நின்று, சுழற்றியதும் சட்டென்று வழிவிட்டால் அது குழாயின் வளைவு. மெத்தென்று தடுத்து, சுழற்றச் சுழற்ற முறுக்கேறினால் அது அடைப்பு. அங்கே தள்ளாமல் ஒரே திசையில் சில சுற்றுகள் சுழற்றுங்கள், நுனி அதில் சிக்கிக்கொள்ளும். அதே திசையில் சுழற்றியபடியே மெதுவாக இழுங்கள். வெளியே வரும் கம்பியைத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தால் வீடு அழுக்காகாது. சுத்தமான கம்பி வரும் வரை இரண்டு மூன்று முறை விட்டு எடுங்கள். கம்பி உள்ளே முறுக்கிக்கொண்டால் பலம் கொடுக்காதீர்கள், அது துள்ளித் திரும்பிக் கையை வெட்டிவிடும்.

மோட்டார் வைத்த பெரிய இயந்திரங்களும் உண்டு. 1930-களில் அமெரிக்காவில் சாமுவேல் பிளாங்க் என்பவர் துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரில் கத்தி பொருத்திய கம்பியை இணைத்து, குழாய்க்குள் வளர்ந்த வேர்களை வெட்டி எடுத்தார். அந்த வகை இயந்திரங்கள் பழகியவர்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

குளியலறைத் தரையும் வாஷ்பேசினும்

ஜாலியைத் தூக்கினால் கையால் எடுக்கக்கூடிய முடியே பாதி அடைப்பாக இருக்கும். உள்ளே கிண்ணம் போன்ற ஒரு துண்டு கவிழ்ந்திருந்தால் அதையும் எடுத்துக் கழுவி, மறக்காமல் திரும்ப வையுங்கள். நாற்றத்தைத் தடுக்கும் தண்ணீரை அதுதான் பிடித்து வைத்திருக்கிறது. இரண்டு பக்கமும் முள் வைத்த மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்று விற்கிறார்கள். முடிக்கு அதைவிடப் பொருத்தமான கருவியை நான் பார்த்ததில்லை. உள்ளே விட்டுத் திருப்பி இழுத்தால் கயிறு போல வரும். வாஷ்பேசினில் அழுத்தித் திறக்கும் மூடி இருந்தால், முடி அதன் தண்டில்தான் சுற்றியிருக்கும். முதலில் மூடியைக் கழற்றுங்கள்.

கழிப்பறை

கோப்பையில் தண்ணீர் ஏறி நின்றால் இரண்டாவது முறை ஃப்ளஷ் செய்யாதீர்கள். சுவரோரம் உள்ள வால்வை மூடுங்கள். பாத்திரம் கழுவும் திரவ சோப்பைக் கொஞ்சம் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டில் ஒரு வாளி வெந்நீரை இடுப்பு உயரத்திலிருந்து நிதானமாக ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். தண்ணீர் ஏற்கெனவே விளிம்பு வரை நின்றால் முதலில் கொஞ்சம் மொண்டு எடுத்துவிட்டு ஊற்றுங்கள். காகிதமும் மலமும் மட்டும் அடைத்திருந்தால் பெரும்பாலும் இதிலேயே இளகிவிடும். கொதிக்கும் நீர் வேண்டாம், பீங்கான் வெடிக்கும். அதற்கும் அசையாவிட்டால் கழுத்து வைத்த பிளஞ்சர். அதற்கும் அசையாவிட்டால், வளைந்த உறைக்குள் வரும் கழிப்பறைக் கம்பி. சாதாரணக் கம்பியை விட்டால் பீங்கானில் கறுப்புக் கோடு விழும். குழந்தை போட்ட பொம்மை போன்ற கெட்டிப் பொருள் என்று தெரிந்தால் தள்ள முயல வேண்டாம், இழுக்கத்தான் வேண்டும். தள்ளினால் இன்னும் எட்டாத இடத்துக்குப் போய்விடும்.

ஊற்றும் மருந்துகளைப் பற்றி

சமையல் சோடாவும் வினிகரும் சேர்ந்தால் நுரை பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஒன்று காரம், இன்னொன்று அமிலம். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு முடிவில் மிஞ்சுவது வாயுவும் ஏறக்குறைய உப்பு கலந்த தண்ணீரும்தான். வாய்ப்பக்கத்து வழவழப்பும் லேசான வாடையும் போகலாம். முடிக்கட்டியையோ கெட்டிப்பட்ட கொழுப்பையோ அது ஒன்றும் செய்யாது.

அடைப்பு நீக்கும் தூள்களில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா. கொழுப்பைச் சோப்பாக்கவும் முடியைக் கரைக்கவும் அதற்குச் சக்தி உண்டு, பொய்யில்லை. ஆனால் தண்ணீர் பட்டதும் கொதிக்கும் அளவுக்குச் சூடாகும். பிவிசி குழாய்கள் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் நெடுநேரம் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. முழுவதும் அடைத்த குழாயில் ஊற்றினால் மருந்து அடைப்புக்கு மேலேயே தேங்கி நின்று, குழாயையும் இணைப்புகளையும்தான் தின்னும். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றும் பழக்கத்தை பிளாஸ்டிக் குழாய் உள்ள வீடுகளில் விட்டுவிடச் சொல்வதும் இந்தச் சூட்டுக் கணக்கினால்தான்.

இதற்கெல்லாம் மேலாக ஓர் ஆபத்து இருக்கிறது. பிளீச்சோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பிளீச்சோடு அம்மோனியா சேர்ந்தாலும் நச்சு வாயுதான். மூடிய குளியலறையில் இது உயிரையே எடுக்கும். ஒரு மருந்து வேலை செய்யவில்லை என்று அதன்மேல் இன்னொன்றை ஊற்றுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். தோலிலோ கண்ணிலோ பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவிக்கொண்டே இருங்கள், பிறகு மருத்துவரிடம் போங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், இறங்கும்போது சுட்டது ஏறும்போதும் சுடும். நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நுண்ணுயிர் கலந்த திரவங்களும் கிடைக்கின்றன. மெதுவாக, இரவு முழுதும் தேங்கிய நிலையில் வேலை செய்பவை. அடைப்பை எடுக்க உதவாது, எடுத்தபின் குழாயைச் சுத்தமாக வைத்திருக்க உதவும்.

வெளியே உள்ள சேம்பர்

பிரதானக் குழாய் என்று சந்தேகம் வந்தால், வீட்டுக்கு வெளியே குழாய்கள் வந்து சேரும் தொட்டியான சேம்பரின் மூடியைத் திறந்து பாருங்கள். சேம்பரில் தண்ணீர் நிரம்பி நின்றால் அடைப்பு அதற்கு அப்பால், தெருப்பக்கம் இருக்கிறது. காலியாக இருந்தால் வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில். இந்த ஒரு தகவலைச் சொன்னாலே வருகிறவருக்குப் பாதி வேலை மிச்சம்.

மூடியைத் திறந்ததும் குனியாதீர்கள், கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம், குழந்தைகளை அண்ட விடாதீர்கள். உள்ளே மட்டும் இறங்கவே கூடாது, இன்னொரு ஆளை இறக்கவும் கூடாது. சாக்கடையில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை போல நாறும் என்பது உண்மைதான், ஆனால் அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "வாடை இல்லையே, பரவாயில்லை" என்று இறங்கியவர் அடுத்த நிமிடம் மயங்கி விழுவார், தூக்க இறங்குபவரும் விழுவார். எந்த அடைப்புக்கும் ஓர் உயிரைக் கொடுக்க வேண்டியதில்லை. நீண்ட கம்பி, உயர் அழுத்த நீர் பீய்ச்சும் இயந்திரம், குழாய்க்குள் விடும் கேமரா எல்லாமே மேலே நின்றபடி வேலை செய்யத்தான் இருக்கின்றன. வருகிறவர் அவற்றோடு வருகிறாரா என்று கேட்டுவிட்டு அழையுங்கள். ஒரே இடத்தில் மூன்றாவது முறை அடைத்தால் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வேரா, உடைந்த குழாயா, சரிவுக் குறைவா என்று தெரிந்துவிடும்.

மறுபடி அடைக்காமல் இருக்க

எண்ணெய்ப் பாத்திரத்தைக் கழுவுவதற்கு முன் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மீந்த எண்ணெயை ஆறவிட்டு ஒரு புட்டியில் சேர்த்துக் குப்பையோடு கொடுத்துவிடலாம். சிங்க்குக்குச் சின்னக் கண் வடிகட்டி, குளியலறை ஜாலிக்கு முடி வடிகட்டி. துணி இயந்திரத்தின் ஹோஸ் நுனியில் வலைப்பை கட்டினால் பஞ்சு அதிலேயே நிற்கும், நிரம்ப நிரம்ப மாற்ற வேண்டும்.

வாரம் ஒருமுறை சிங்க்கை அடைத்து, கை பொறுக்கும் வெந்நீரால் நிரப்பி, கொஞ்சம் திரவ சோப்பு கலந்து ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். குழாய் முழுதும் நிறைந்து வேகமாக ஓடும் தண்ணீர், சொட்டுச் சொட்டாகப் போகும் தண்ணீரால் அசைக்க முடியாத கசடையும் இழுத்துக்கொண்டு போகும். அப்போதே தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கத்தைவிடக் கூடுதலாக நேரம் எடுத்தால் அந்த வாரமே ட்ராப்பைக் கழற்றிவிடலாம்.

பயன்படுத்தாத குளியலறை இருந்தால் மாதம் இரண்டு முறை ஒவ்வொரு ட்ராப்பிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். நீண்ட நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதானால், கிளம்பும் அன்று ட்ராப் தண்ணீரின் மேல் இரண்டு மூன்று கரண்டி எண்ணெய் விட்டுவிட்டுப் போங்கள். எண்ணெய் மூடி போலப் பரவி நின்று, தண்ணீர் வற்றுவதைத் தாமதப்படுத்தும். திரும்பி வந்ததும் அந்த எண்ணெய் குழாயில் படியாமல் இருக்க, சோப்புக் கலந்த வெந்நீரை ஒரு வாளி நிறைய ஊற்றிவிடுங்கள்.